ரைசா வீட்டுச் சனிக்கிழமை அடுப்பு

முதல் சனிக்கிழமை நான் செய்தது படு முட்டாள்தனம். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ரைசா, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். "வீட்டுல ரொம்பக் குளிருதும்மா" என்றாள். "ஆமா, எனக்கும்தான் குளிருது. பாஸ்டன்ல ஜனவரி மாசம் வேற எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த வாரமும் வந்தாள், அதையே சொன்னாள். பாவம், மனுஷிக்குப் பேச்சுத்துணை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பால்காரர்தான் விஷயத்தை உடைத்தார். "அடிப் பைத்தியமே, யூதர்கள் சனிக்கிழமை நெருப்பைத் தொடமாட்டாங்க. பத்த வைன்னு அடுத்தவங்களை வாய்விட்டுக் கேக்கிறதையும் தவிர்ப்பாங்க. குளிருதுன்னு சொன்னா நீதான் புரிஞ்சுக்கணும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் அந்த மனுஷியும் அவள் மகனும் விறைத்துப்போய்க் கிடந்திருக்கிறார்கள். மூன்றாவது சனிக்கிழமை அவள் இறங்கி வருவதற்கு முன்பே நான் தீப்பெட்டியோடு மேலே போய் நின்றேன். ரைசா என்னைப் பார்த்தாள், தீப்பெட்டியைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உனக்குப் புரியறதுக்குள்ள வசந்தகாலமே வந்திருக்கும்டி" என்றாள்.

அன்றிலிருந்து பதினோரு வருடம். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாடிக்குப் போவேன். எனக்காகச் சமையலறைக் கதவைத் தாழ்போடாமல் வைத்திருப்பாள். இரவோடு அணைந்துபோன அடுப்பில் சாம்பலை வாரி, விறகுச் சிம்பு அடுக்கி, பற்றவைத்து, கரி போட்டு, அது பிடித்துக்கொண்டதும் கீழே வந்துவிடுவேன். மேசை ஓரத்தில், துணியால் மூடி, பின்னல் ரொட்டியில் ஒரு துண்டு இருக்கும். எடுத்துக்கொள் என்று அவள் சொன்னதில்லை, எனக்கா என்று நான் கேட்டதுமில்லை. ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகள் பதினோரு வருடம் சண்டையில்லாமல் இருந்தோம் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

எனக்கு என்று இருந்தது ஒரே தம்பி, ஃபின்டன். அவன் பிறந்தபோதே அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்யாணம், காட்சி எல்லாம் அவனுடைய அழுகையில் கரைந்துபோயிற்று. ஹோட்டல் சலவைக்கூடத்தில் துணி அலசி, இஸ்திரி போட்டு அவனை வளர்த்தேன். அவனுக்குப் பதிமூன்று வயதில் நிமோனியா வந்தது. அது ஒரு சனிக்கிழமை. நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்கக்கூட பயந்து உட்கார்ந்திருந்தேன். ரைசா இறங்கி வந்தாள். என் அடுப்பு அணைந்திருந்ததைப் பார்த்தாள். தானே குனிந்து, தீக்குச்சி கிழித்து, பற்றவைத்து, வெந்நீர் போட்டாள்.

"ரைசாம்மா, இன்னைக்குச் சனிக்கிழமை" என்றேன்.

"உயிர் போற நேரத்துல சனி என்ன, ஞாயிறு என்ன? அதுவும் எங்க சாஸ்திரத்துலயே இருக்கு. நீ பையனைப் பிடி" என்றாள். மூன்று நாள் அவன் பக்கத்திலேயே இருந்தாள். அவளுடைய மகன் ஹெர்ஷல் அப்போது பத்து வயதுப் பொடியன். அவனுடைய படுக்கையைத்தான் என் தம்பிக்குப் போட்டார்கள், அவன் தரையில் படுத்தான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு யூதர்களைத் தெரியாது, அதனால்தான் ரேடியோவில் சொன்னதை நம்பிவிட்டோம் என்று நான் சொல்லிவிடக் கூடாது. எங்களுக்குத் தெரியும். தலைக்கு மேல் மாடியில் நடக்கிற காலடி யாருடையது என்று கூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மல்கெரின் பாதிரியார் ரேடியோவில் பேசுவார். மேற்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து பேசுவார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று பாக்கியில்லாமல் கேட்கும். அடுப்பைக் கிளற எழுந்து போனாலும் ஒரு சொல் தப்பாது, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக அதே குரல் வரும். என்ன குரல் அது! என் அப்பா தான் கடல் கடந்து விட்டுவந்த ஊரைப் பற்றிப் பேசும்போது இருந்த குழைவு அதில் இருந்தது. முதலில் ஏழைகளைப் பற்றித்தான் பேசினார். வேலை போனவன் வீட்டில் குழந்தை பசித்துத் தூங்குவதைப் பற்றிப் பேசியபோது நான் மேலங்கி ஓரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஒரு மனிதர் நமக்காகப் பேசுகிறாரே என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். அடி நாக்கில் நஞ்சு, நுனி நாக்கில் அமுதம் என்பார்கள். நுனி நாக்கை மட்டும் நான் இரண்டு வருடம் கேட்டேன்.

பிறகு வங்கிக்காரர்கள் என்றார். பிறகு சர்வதேச வங்கிக்காரர்கள் என்றார். பிறகு அவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும் என்றார். ஒருநாள் பெயரைச் சொன்னார். அதற்குள் எங்களுக்கு அது அதிர்ச்சியாக இல்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும், நாங்கள் கல்கூட இல்லை.

ஃபின்டன் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இருபத்திநாலு வயதுப் பையன், நாள் முழுக்க என் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாதிரியார் அவனுக்கு ஒரு பதில் கொடுத்தார். வேலை கொடுத்திருந்தால் அந்தப் பதில் அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது.

"டேய், உன் முதலாளி யாருடா? பரம்பரைப் புரொட்டஸ்டன்ட். அவனோட பாட்டன் காலத்துல நம்ம கத்தோலிக்க ஆளுங்களை வேலைக்கே எடுக்கமாட்டான். அவன்தான் கதவைச் சாத்தினான். இதுல யூதன் எங்க வந்தான்?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு உனக்குத் தெரியுமா அக்கா?"

"யாரு இருக்கா?"

"அதைத்தான் நம்மளைத் தெரிஞ்சுக்க விடமாட்டேங்கறாங்க."

இந்தப் பின்னாடிக்கு என்ன பதில் சொல்வது? பின்னாடி போய்ப் பார்த்து, யாரும் இல்லை என்று சொன்னால், அதற்கும் பின்னாடி ஒருவன் இருப்பான். பாதிரியாரின் வாரப் பத்திரிகையை ஃபின்டன் கோயில் வாசலில் நின்று விற்க ஆரம்பித்தான். கூட நாலு பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். வாரக்கணக்கில் குனிந்தே இருந்த தலை நிமிர்ந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடு என்று கேட்டான். நான் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தேன்.

யூத மூப்பர்கள் ரகசியமாகக் கூடி உலகத்தை விழுங்கத் திட்டம் போட்டார்கள் என்று பாதிரியார் வாராவாரம் ஒரு காகிதத்தைப் படித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அடுப்புக்கு முன்னால் குந்தியபடியே ரைசாவிடம் கேட்டுவிட்டேன்.

"ரைசாம்மா, உங்க மூப்பருங்க அப்படி ஒரு திட்டம் வச்சிருக்காங்களா?"

கேட்டேன். வெட்கமில்லாமல், அவள் வீட்டு அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"எங்க ஜெபக்கூடத்துல நாலு மூப்பருங்க இருக்காங்க. போன வருஷத்துலேர்ந்து ஒரு ஜன்னலைத் திறக்கணுமா, மூடணுமான்னு சண்டை. ரெண்டு பேரு இன்னும் பேசிக்கிறதில்ல. இவங்களா உலகத்தைப் பிடிக்கப் போறாங்க? பிடிச்சா எனக்கும் சொல்லச் சொல்லு, நாலு மூட்டை கரி வேணும்" என்றாள்.

ஹெர்ஷல் உள்ளேயிருந்து வந்தான். "அந்தக் காகிதம் போலி அக்கா. பொய்யின்னு எப்பவோ நிரூபிச்சுட்டாங்க. லண்டன் பத்திரிகையிலயே போட்டுக் கிழிச்சுட்டாங்க" என்றான்.

"அப்படியா?" என்றேன். நிம்மதியாக இருந்தது. ஆனாலும் ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, பத்திரிகைகளும் அவர்கள் கையில்தானே என்று பாதிரியார் சொன்னது ஞாபகம் வந்தது. என் கடவுளே, அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு எங்கள் ரேடியோ செத்துப்போனது. ஹெர்ஷல் கடைத்தெருவில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தான். இருபத்தொரு வயது, கை அவ்வளவு சுத்தம். ஃபின்டனுக்குக் கூப்பிட வாய் வரவில்லை, நான்தான் மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். வந்தான். பின்பக்கத்தைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் உள்ளே பார்த்து, "வால்வு போச்சு அக்கா, எங்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு" என்று எடுத்துவந்து மாட்டினான். ஃபின்டன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரேடியோ சூடேறி முனகி, பேச ஆரம்பித்தபோது மணி மூன்று. மல்கெரின் பாதிரியார் வந்துவிட்டார். நம் ஆண்டவரைக் கொன்றவர்கள் இப்போது நம் நாட்டைக் கொல்கிறார்கள் என்றார்.

நான் ஃபின்டனைப் பார்த்தேன், அணைத்துவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவன் அணைக்கவில்லை. நானும் எழுந்து அணைக்கவில்லை. ஹெர்ஷல் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஐந்து நிமிடம் நின்று கேட்டான்.

"சத்தம் நல்லா சுத்தமா வருது அக்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

ஜனவரி கடைசி ஞாயிறு அது நடந்தது. பேச்சு முடிந்ததும் நாலு மணிக்கு ஃபின்டனைக் கூட்டாளிகள் வந்து கூப்பிட்டார்கள். ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது திரும்பி வந்தான். கோட்டைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தான். சூப்பை வைத்தேன், குடிக்கவில்லை. கோட்டை நானே உருவினேன். சட்டைக் கையின் மணிக்கட்டில், இரண்டு பக்கமும், ரத்தம்.

நான் சலவைக்காரி. ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரும் உப்பும்தான் வேண்டும். சட்டையைக் கழற்றி வாங்கி, தொட்டியில் போட்டு, உப்பு தேய்த்து, கறை போகும் வரை கசக்கினேன். அதற்குப் பிறகுதான், இது யாருடைய ரத்தம் என்று அவனைக் கேட்டேன். கேட்பதற்கு முன்னாலேயே துவைத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் அடிக்கல அக்கா."

"யாரை?"

மேலே பார்த்தான். மாடி வீடு இருந்த பக்கம் பார்த்தான்.

"ஃபின்டன், டேய், சொல்லு."

"நான் கையைத்தான் பிடிச்சிருந்தேன். சத்தியமா கையை மட்டும்தான் பிடிச்சிருந்தேன். பெல்ட்டு கொக்கியால முகத்துல அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அவன் என்னைப் பார்த்து, 'ஃபின்டன், நான்தான்டா, ஹெர்ஷல்'னு சொன்னான் அக்கா. ரெண்டு தடவை சொன்னான்."

"அப்பவாவது விட்டியா?"

அவன் மேசையில் தலையை மோதிக்கொண்டு அழுதான். நான் அவனை அறைந்திருக்க வேண்டும். தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இந்தக் கேடுகெட்ட உலகத்தில் எவ்வளவு பெரிய உண்மை.

ஹெர்ஷலின் வலது கண்ணை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை ரைசா என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பதினோரு வருஷத்துல உன்கிட்ட நான் எதையாவது நேரா கேட்டிருக்கேனா டீலியா?"

"இல்ல ரைசாம்மா."

"இப்பக் கேக்கறேன். வாய்விட்டுக் கேக்கறேன். போலீஸ்காரர் உன்கிட்ட வருவாரு. அந்த அஞ்சு பேரும் அன்னைக்கு நாலு மணியிலேர்ந்து உன் மேசையில சூப் குடிச்சிட்டிருந்ததா சொல்றாங்களாம். ஹெர்ஷல் சொல்றது ஒருத்தன் சொல்றது, அவங்க சொல்றது அஞ்சு பேரு சொல்றது. நீ உண்மையைச் சொல்லு. ஃபின்டனைத் தூக்கில போடச் சொல்லல. அவனும் என் கையில கிடந்த பிள்ளைதான். என் மகனை அடிச்சாங்க, அது நடந்துச்சு, அதை யாராவது ஒருத்தராவது நடந்துச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்ப்போம் ரைசாம்மா" என்றேன். பார்ப்போமாம்! கடன் கேட்டு வந்தவளுக்குச் சொல்வது மாதிரி.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பிக்கையோடுதான் போனாள், அதுதான் என்னைக் கொல்கிறது.

அன்று நாள் முழுக்க சலவைக்கூடத்தில் எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஃபின்டன் சிறைக்குப் போவான். பிறந்த நாளிலிருந்து என் கையில் வளர்ந்தவன், இரும்புக் கதவுக்குப் பின்னால் எப்படி இருப்பான்? சொல்லாவிட்டால் ரைசாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லிவிடலாம் என்று மத்தியானம் முடிவு செய்தேன். நிஜமாகவே முடிவு செய்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கோயில் வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பையனே தன்னை அடிச்சுக்கிட்டானாம், நம்ம பையன்கள் பேரைக் கெடுக்கறதுக்கு. பின்னாடி யாரோ இருந்து செய்யச் சொல்லியிருக்காங்க" என்றார்கள். தன் கண்ணைத் தானே! நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மாலையிலும் திறக்கமாட்டேன் என்று.

அன்று மாலை வந்த போலீஸ்காரர் பிரோகன் எங்கள் ஆள்தான், எங்கள் பங்குக் கோயில்தான். ஆனால் நேர்மையான மனிதர். அவர் மேல் ஒரு பழியும் சொல்ல முடியாது, சொல்ல முடிந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்று பேசினார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரைசா வளைவில் வந்து நிற்கிறாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"டீலியா, உன் தம்பியும் அந்த நாலு பேரும் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எங்க இருந்தாங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

"இந்த மேசையில."

"எத்தனை மணி வரைக்கும்?"

"ராத்திரி வரைக்கும்."

அவர் பென்சிலை எடுத்தார், எழுதவில்லை. "அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லும்மா. நான் எழுதிட்டேன்னா அப்புறம் அது எழுதினதுதான்" என்றார்.

"யோசிக்க என்ன இருக்கு? அஞ்சு பேருக்கும் நான்தான் சூப் ஊத்தினேன். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போட்ட சூப்பு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் இப்படித்தான் கிழங்கையும் கோஸையும் கூட்டிச் சொல்வாள். அவர் எழுதிக்கொண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார். மேலே செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறிப் போய், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வழக்கு எதுவும் நடக்கவில்லை. நான் காப்பாற்றிய தம்பி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். வேறு ஊரில் நாலு பிள்ளைகளோடு இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் அவனுடைய மனைவிதான் எழுதுவாள்.

அந்த வாரம் மாதத்தின் முதல் வெள்ளி, நாங்கள் நற்கருணை வாங்குகிற நாள், வந்தது. வியாழக்கிழமை மாலை, செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் வயதான பங்குச்சாமியார். சொன்னேன், எல்லாவற்றையும் அல்ல, பொய்ச்சாட்சி சொன்னேன் என்பதை மட்டும் சொன்னேன். அதனால் ஒருவருக்குக் கெடுதல் வந்ததா என்று கேட்டார். வந்தது சாமி என்றேன்.

"அப்படின்னா ஜெபமாலை சொல்றதோட முடியாது மகளே. போய் அந்தப் பொய்யைத் திருத்து. பாதிக்கப்பட்டவங்களுக்கு நீ பட்ட கடனைத் தீர்" என்றார்.

பாவம், அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் முதல் வாக்கியத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்ட கடனைத் தீர்க்க வேண்டும், சரி. எனக்குத் தெரிந்த வழியில் தீர்ப்போம் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது எவ்வளவோ சுலபம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹெர்ஷலை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பாதி முகம் கட்டு. ரைசா அவனுடைய கையைப் பிடித்து, இங்கே ஒரு படி, இங்கே ஒரு படி என்று சொல்லிச் சொல்லி ஏற்றினாள்.

சனிக்கிழமை ஏழரை மணிக்குத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அன்று போல ஒரு குளிர் அந்த வருடத்தில் இல்லை, படிக்கட்டு ஜன்னலின் உட்பக்கத்திலேயே பனி பூத்திருந்தது. கதவைத் தொட்டேன். திறந்துகொண்டது. தாழ்போடவில்லை!

தாழ்போடாமல் வைத்திருக்கிறாள். வாயால் கேட்கமாட்டாள், இப்படித்தான் சொல்வாள். வா என்கிறாள். மன்னித்துவிட்டாள். பதினோரு வருடம் குறிப்பறிந்து பழகினவள் இல்லையா நான்! மகன் ஒற்றைக் கண்ணோடு வீடு திரும்பின நாளில் எந்தத் தாய்க்குத் தாழ்ப்பாள் ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறந்துபோன ஒரு தாழ்ப்பாளை எனக்கு அனுப்பின சேதியாக எடுத்துக்கொண்டேன்.

சமையலறையில் யாரும் இல்லை. குனிந்து சாம்பலை வாரினேன், சிம்பு அடுக்கினேன், பற்றவைத்தேன். கரி பிடித்துக்கொண்டு படபடவென்று பேச ஆரம்பித்தது. கதகதப்பு மெல்ல அறையில் பரவியது. உள்ளறைக் கதவு திறந்தது. ரைசா நின்றாள். பின்னால் ஹெர்ஷல், போர்வையைச் சுற்றிக்கொண்டு.

அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். நான் சிரிக்க முயன்றேன். "ரொம்பக் குளிருதே ரைசாம்மா" என்றேன், இந்தத் தடவை நானே.

அவள் ஆணியிலிருந்து மகனுடைய கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்து, மறுகையை நுழைத்து, கழுத்துவரை பித்தான் போட்டுவிட்டாள். தன்னுடையதையும் மாட்டிக்கொண்டாள். அவனுடைய கையைப் பிடித்து, என்னைத் தாண்டி, கதவைத் தாண்டிப் போனாள். வெளியே மாடிப்படியில், பனி பூத்த ஜன்னலுக்குக் கீழே, இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மூச்சு புகையாக வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்றைக்கு நெருப்பை அவளால் அணைக்க முடியாது. அணை என்று என்னிடம் சொல்லவும் மாட்டாள். அந்தப் பொய்க்குப் பிறகு நான் மூட்டிய நெருப்பில் குளிர்காயவும் அவர்களால் முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி, வீட்டை விட்டு வெளியே போவது. மருத்துவமனையிலிருந்து நேற்று வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அவ்வளவு குளிரில்.

"உள்ளே வாங்க ரைசாம்மா. பையனுக்கு ஆகாது. நான் போயிடறேன், உள்ளே வாங்க" என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெர்ஷல் தலையை அவள் தோளில் சாய்த்திருந்தான். "ஹெர்ஷல், நீயாவது சொல்லுப்பா" என்றேன்.

அந்தச் சமையலறையில் நான் தனியாக நின்றேன். என்ன ஜோராக எரிந்தது! வாய்விட்டு அழுதேன், கேட்கட்டும் என்றுதான் அழுதேன். யாரும் வரவில்லை. எனக்குச் செய்ய ஒன்றுதான் இருந்தது. சாம்பல் வாளியை இழுத்து வைத்து, எரிகிற கரியை ஒவ்வொன்றாகக் கிளறி அதில் தள்ளினேன். அடுப்பில் கடைசிக் கங்கு வரை வாரினேன். ஜன்னலையும் திறந்து, அறையில் ஏறியிருந்த சூட்டை வெளியே விட்டேன். பிறகு மறுபடியும் சாத்தினேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். நான் வர வழிவிட்டு இரண்டு பேரும் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள். நான் வந்தது ஹெர்ஷலுக்குக் கட்டுப் போட்ட பக்கம். கங்கின் சூடு கன்னத்தில் பட்டதும்தான் அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கீழே போய்ச் சேரும்போது, அவர்கள் எழுந்து உள்ளே போவதும் தாழ்ப்பாள் விழுவதும் கேட்டது.

கொல்லையில் வாளியைப் பனியில் கவிழ்த்தேன். சுஸ்ஸென்று புகைந்து கறுத்துப்போனது. போலீஸ் நிலையம் அங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. பிரோகன் சனிக்கிழமையும் இருப்பார் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன்.